நீடர்வெல்லன்பாஹ் ஊரின் முழு வரலாறு

மனிதகுலத்தின் மேலான கவனத்திற்கு: நீடர்வெல்லன்பாஹ் கிராமத்தின் எண்ணூறு ஆண்டு வரலாறு இன்று பகல் பதினொரு மணிக்குத் திறந்துவைக்கப்படும்.

அதுவரை வரலாறு ஒரு வெள்ளைத் துணிக்குள் மூடிக் கிடந்தது.

ஊர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஜெர்மனியின் சவுவர்லாண்ட் மலைமடிப்பில் அறுபது எழுபது வீடு, ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், நினைத்தால் வரும் பஸ், ஆட்களைவிட அதிகமாக மாடுகள். இருந்தாலும் தீயணைப்புப் படையின் வாத்தியக் குழு முழுச் சீருடையில் நின்றது. ஊர்த் தலைவர் கிரேமர், ஐ.நா. சபைக்குப் போகிறவர் போலக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி இருந்தார்.

விழா நடந்தது தேவாலயத்துக்குப் பின்னால், சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே. செத்தவர்களுக்குத் தாகம் எடுக்குமோ என்னவோ, வாசலிலேயே பியர் மேசை போட்டிருந்தார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள்தான், வுப்பர்டால் நகரில் இருந்து வந்த புவனேந்திரனும் மனைவி சந்திரகாந்தியும் வெள்ளைச் செவ்வந்திப் பூங்கொத்தோடு மாட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் வரலாறு பார்க்க வரவில்லை. செல்வராசாவைப் பார்க்க வந்தார்கள்.

எண்பத்தாறில் அகதியாக வந்து, இந்த ஊரின் பழைய விடுதியில் புவனேந்திரனோடு ஒரே அறையில் இருந்தவர் செல்வராசா. அடுத்த குளிர்காலத்தில் சைக்கிளில் போனவரைப் பால் லொறி அடித்தது. சொந்தம் என்று ஒருவரும் வந்துசேர முடியாத சாவு. கத்தோலிக்க வேதக்காரர் என்பதால் பாதிரியார் இங்கேயே அடக்கம் செய்ய இடம் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கல்லறைக்கு இருந்த ஒரே சொந்தம் புவனேந்திரன்.

முழங்கால் அறுவைச் சிகிச்சையால் மூன்று வருடம் வரமுடியவில்லை. இன்று வந்தால், கல்லறையைக் காணவில்லை.

கடைசி வரிசை இருந்த இடத்தில் புதுப் புல். புல்லின்மேல் விழாக் கூட்டம்.

"இஞ்சை பாரும், கல்லுக்குக் கால் முளைச்சே நடந்து போனது?" என்றார் புவனேந்திரன்.

"மெதுவாக் கதையுங்கோ. சனம் பாக்குது."

புவனேந்திரன் கிரேமரைப் பிடித்துக் கேட்டார். விழா முடியட்டும் என்று கிரேமர் பல்லைக் காட்டினார்.

பிறகு பேசினார். பேசினார், பேசினார். இந்த மண்ணில் வாழ்ந்த எவரையும் நாம் மறப்பதில்லை என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. வாத்தியம் முழங்கியது. துணி விலகியது.

இரண்டு இரும்புக் கால்களில் ஒரு பலகை. அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்.

பிரெஞ்சுத் தளபதி ஒருவரின் குதிரை தண்ணீர் குடித்த கல்தொட்டி. குதிரையின் பெயர் ஷார்லட். தளபதியின் பெயர் தெரியவில்லையாம். இடி விழுந்தும் பிழைத்த லிண்டன் மரம். வைக்கோல் வண்டி கவிழ்ந்த வளைவு. கடைசியாக, பழைய விடுதி: எண்பத்தைந்து முதல் தொண்ணூற்றிரண்டு வரை ஆளில்லாமல் இருந்தது.

புவனேந்திரனுக்குக் காது சூடேறியது.

"ஆளில்லாமலோ? முப்பத்தெட்டுச் சனம் இருந்தனாங்கள்! ஒரு குசினி, ரெண்டு கக்கூசு! நாங்களென்ன பேயோ?"

குதிரைக்குப் பெயர் உண்டு. முப்பத்தெட்டுப் பேர் வெற்றிடம்.

பூங்கொத்தை ஆட்டியபடி அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். கிரேமரின் முகம் மலர்ந்தது. வெளியூரில் இருந்தெல்லாம் மரியாதை வருகிறதே! கையைப் பிடித்துக் குலுக்கினார். பூங்கொத்தை வாங்கிப் பலகையின் காலடியில் சாய்த்துவைத்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். சனம் கைதட்டியது.

"என் நண்பனின் கல்லறை எங்கே?" என்று ஜெர்மனில் கத்தினார் புவனேந்திரன்.

ஓ, அதுவா. இங்கே எவருக்கும் முப்பது வருடம்தான் என்று கிரேமர் அன்பாக விளக்கினார். அதன்பிறகு உறவினர் வந்து தவணையை நீடிக்க வேண்டும். கல்லில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக் காத்திருந்தார்களாம். ஒருவரும் வரவில்லை. அகற்றிவிட்டார்கள். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

சந்திரகாந்தி தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். கடைசியாக வந்தபோது, மழையில் எழுத்தழிந்த அந்த ஸ்டிக்கரை, ஊர்ப் பிள்ளைகளின் சேட்டை என்று நகத்தால் சுரண்டி எடுத்து, கல்லைத் துடைத்துவிட்டுப் போனது அவள்தான்.

யாழ்ப்பாணத்தில் புதைத்தால் புதைத்ததுதான். சாவுக்கும் தவணை உண்டென்று இந்த நாட்டில் அவர்களுக்கு எவரும் சொல்லித்தரவில்லை. குதிரை தண்ணீர் குடித்ததற்குத்தான் தவணையே கிடையாது போலும்.

புவனேந்திரன் பூங்கொத்தைத் திருப்பி எடுக்கக் குனிந்தார்.

"இது செல்வராசான்ரை பூ. உவங்கடை பலகைக்கு இல்லை."

சந்திரகாந்தி அவரின் கையைப் பிடித்தாள். தேவாலய மதிலைப் பார்த்தாள். செல்வராசாவின் பூவுக்கு வழமையாகத் தண்ணீர் பிடிக்கும் குழாயைப் பார்த்தாள். பிறகு, பலகையின் இரும்புக் கால்கள் மண்ணுக்குள் இறங்கும் இடத்தைப் பார்த்தாள்.

"விடுங்கோ. அது சரியான இடத்திலைதான் கிடக்குது."

பலகைக்கு இந்த இடத்தை ஏன் தெரிவுசெய்தீர்கள் என்று பத்திரிகைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கே ஒன்றும் இருக்கவில்லை" என்றார் கிரேமர்.