ஆணி அடிக்காத மூணு நாள்

மூணு நாளாகியும் கூரை மேலிருந்து ஆணி அடிக்கிற சத்தமே கேட்கவில்லை.

அட்டைக் கடையைச் சாத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த முகம்மது நூகு, தெருவில் நின்றே அண்ணாந்து பார்த்தார். ஓடுகளைப் பிரித்து அடுக்கியாச்சு. பலகை மேல் தார் சீட்டு விரித்து, அது மேல் திரும்ப ஓடு வேயணும். ஐப்பசி மழை வாசலுக்கு வந்துவிட்டது. கூரை வேலைக்கு வந்த மல்லாங்கிணறு கருப்பணனோ, சீட்டை வெயிலில் போட்டு இளக வைப்பதும், நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவுவதுமாக, மாப்பிள்ளைக்குச் சட்டை தேய்க்கிற மாதிரி வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

அதுகூடப் போகட்டும். சுருக்கம் விழுந்தால் தண்ணி நிற்கும், சரி. ஆணியில் நாலு போடு போட்டு முடிக்க வேண்டியதை, ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திருப்புளி வைத்து முடுக்கிக்கொண்டிருந்தால்?

"ஏன் கருப்பணா, சுத்தியல அடகு வச்சுட்டியா?"

"பையிலதான் கெடக்கு பாய்."

"எடுத்து அடிக்க வேண்டியதுதான?"

"ஆணின்னா சீட்டு கிழிஞ்சாலும் கிழியும். இதுன்னா பதமா உக்காரும்."

"ஊருல அம்புட்டுக் கூரையும் ஆணியிலதான் நிக்குது. உனக்கு மட்டும் கிழியுதாக்கும்."

கருப்பணன் எதுவோ சொல்ல வாயெடுத்தான். பார்வை அடுப்படிப் பக்கம் போய் வந்தது. குனிந்து அடுத்த ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டான்.

நாள்கூலிக்காரன் நாளை இழுக்கிறான், வேறென்ன என்று பாய் முடிவு கட்டினார். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.  அவன் பையைத் தோளில் போட்டுப் படி இறங்கும்போது நின்றான்.

"ஆணி அடிக்கதா இருந்தா, வீட்ல ஒரு வார்த்த சொல்லிட்டு அடிக்கச் சொல்லுங்க பாய்."

என் வீட்டில் ஆணி அடிக்க நான் யாரைக் கேட்கணும் என்று பாய்க்குச் சுள்ளென்று வந்தது.

மறுநாள் காலை காரியாபட்டியிலிருந்து, பாய் சொல்லிவிட்ட வேறு கூரைக்காரன் செந்தூர்பாண்டி ரெண்டு ஆளோடு வந்து இறங்கினான். பாய் கடைக்குப் போய்விட்டார். மத்தியானம் வந்து பார்த்தால் சீட்டு பூராவும் அடித்து முடித்து, ஓடு ஏறிக்கொண்டிருந்தது. அங்கங்கே சுருக்கம். ஓடு மூடிட்டா எவன் பாக்கப் போறான் என்றான் செந்தூர்பாண்டி. பாய்க்கும் அது சரியாகத்தான் பட்டது.

"குல்சார், பாத்தியா? வேலைன்னா இது வேலை" என்றபடி உள்ளே போனார்.

அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அரிசி ஊறியபடி கிடந்தது. அவர் வீட்டுக்காரி குல்சார் பேகம், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுருட்டிக் காது ரெண்டையும் பொத்தியிருந்தாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான மறுவருசம் ஏழாயிரம்பண்ணையில் அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி வெடித்து, இடிந்த சுவருக்கடியிலிருந்து அவளைத் தூக்கினார்கள். டமார்னு எது கேட்டாலும் ஈரக்குலை நடுங்குதுங்க என்று அவள் சொன்னபோது, சிவகாசிப் பக்கம் பொறந்துட்டு வெடிக்குப் பயந்தா ஊரு சிரிக்கும் என்று சொல்லி இவரே முதலில் சிரித்தார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தார்.

"காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

குல்சார் அவரையே பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்னுல்ல இருந்தேன். மொத நாளு நீங்க கடைக்குப் போன பொறவு, அந்த அண்ணன் ஆணியில ஒரு போடு போட்டாரு. அடுப்படியிலயே காதப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டேன். ரெண்டாவது அடி விழவே இல்ல."

அடுப்படிக்கு மேலே, இத்துப்போன பலகையை எடுத்த இடம் அன்றைக்குத் திறந்துதான் கிடந்தது. கருப்பணன் பார்த்திருக்கிறான். உம்ம வீட்டுப் பொம்பளையை மேலிருந்து பார்த்தேன் என்று எந்த மனுசன் புருசனிடம் போய்ச் சொல்வான்? சோம்பேறிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"ஆணி அடிக்க வேணாம்னு நீங்கதான் அவர்ட்ட சொல்லி வச்சிருக்கீகன்னு நெனச்சேங்க" என்றாள் குல்சார். "மூணு நாளும், அஞ்சு வேளைத் தொழுகையிலயும், ஒங்களுக்காகத்தான் துஆ கேட்டேன்."