மூடி இல்லாத டின்

"மூடியக் கழட்டினது ஆரு?" ஏணியின் மேலிருந்தே கேட்டான் முனாப்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரஷாந்தி அண்ணாந்து பார்க்கவில்லை. "காகம் தூக்கிக்கொண்டு போயிருக்கும், நானா." அண்ணனுக்கு முஸ்லிம் ஆட்கள் சொல்லும் 'நானா' என்றுதான் அவனை அழைப்பாள்.

"பால்மா டின்னுட மூடி தங்கச்சி. காகம் அதைக் கொண்டு போய் என்னத்தை மூடப் போகுது?"

2010 வைகாசி மாதம், காலை பத்தரை மணி. மண்டூரில் வாவிக் கரையோரம் இருந்த பிரஷாந்தியின் வீட்டுக் கூரையில் ஒரு டின். எதிரே குருமண்வெளிக் கரையில் அதே மாதிரி இன்னொன்று. ஒன்றின் வாயை ஒன்று பார்த்தபடி நின்ற இந்த இரண்டும்தான் முனாப் கணக்குப் பார்த்துச் செய்த அன்டெனா. அக்கரை இன்டர்நெட்டை இக்கரையில் பக்கத்திலுள்ள வாசிகசாலைக்குக் கொண்டுவந்து கொடுப்பது அவற்றின் வேலை. வாயை மூடும் பிளாஸ்டிக் மூடி அலையை மறிக்காது. மழையையும் பூச்சியையும் மறிக்கும்.

கொழும்புக் கம்பனி முப்பது நாள் சோதனைத் தவணை கொடுத்திருந்தது. ஒரு தரமும் தொடர்பு அறுபடக் கூடாது. துடைக்கலாம், துப்புரவாக்கலாம், ஆனால் ஒரு துண்டையும் மாற்றக் கூடாது. மாற்றினால் திரும்ப முதலாம் நாள். தேறினால் வாவியின் இக்கரையான படுவான்கரையில் பதினொரு ஊருக்கு முனாப்பின் டின்தான். இன்று இருபத்தொன்பதாம் நாள்.

கையிலிருந்த சிக்னல் மீட்டரில் எழுபது காட்ட வேண்டிய இடத்தில் தொண்ணூற்றொன்று காட்டியது. எண் ஏறினால் சிக்னல் இறங்குகிறது என்று அர்த்தம். காத்தான்குடியில், ஒப்பிட்டுப் பார்க்கவென்று தன் வீட்டுக் கூரையில் வைத்திருந்த டின்னும் ஒரு மாதமாக இப்படித்தான் சோர்ந்து கிடக்கிறது. கேபிள் பழசு என்று நினைத்து, ஏறிப் பார்க்கப் பஞ்சிப்பட்டு விட்டுவிட்டான்.

டின்னுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தான். நடுவில் நின்ற செம்புக் கம்பியைச் சுற்றி ஈர மண். மண்குளவி கூடு கட்டியிருந்தது.

"அந்த ஸ்க்ரூட்ரைவரை எடுங்க. சுரண்டிப் போட்டா அஞ்சு நிமிஷ வேலை."

பிரஷாந்தி எடுத்துக் கொடுக்கவில்லை. "முதல்ல இறங்குங்க நானா. தேத்தண்ணி ஊத்தி வச்சிரிக்கன்."

குசினி வாசலில் தேத்தண்ணியை வாங்கியவன் உள்ளே பார்த்தான். உப்புச் சட்டியை மூடியிருந்தது டின் மூடி.

"காகம் உப்பும் திங்கிதோ?"

அவள் நிலத்தில் குந்திக்கொண்டாள்.

"நான்தான் ஏறிக் கழட்டினன். அந்தக் குளவி நாலு நாளா வந்து மூடியில முட்டிட்டு முட்டிட்டுத் திரும்பிப் போச்சு. குளவி கூடு கட்டினா அந்த வீட்டில புள்ள தங்கும் எண்டு சொல்லுவாங்கதானே. தேத்தாத்தீவில ரெண்டு புள்ளையளையும் கடல் கொண்டு போயிட்டு. பிறகு சண்டை. அவரு புனர்வாழ்வு முகாமால வந்து ஏழு மாசம்தான். எனக்கு முப்பத்தாறு வயசு, நானா."

"எங்கட ஆக்களும் சொல்லுறதான். குளவிக்கு என்ன தெரியும்? அதுக்கு ஒரு ஓட்டை கிடைச்சாக் காணும்."

"உங்களுக்கு எத்தினை புள்ளையள்?"

முனாப் மீட்டரைப் பார்த்தான். "தொண்ணூத்திரண்டு" என்றான்.

2004 மார்கழியில் கடல் வந்த அன்று காலைவரை அவனுக்கும் ஒரு மகள் இருந்தாள். அதற்குப் பிறகு அவன் வீட்டில் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. பிரஷாந்தி வெறும் கோப்பையை வாங்கி வைத்தாள்.

ஸ்க்ரூட்ரைவரைத் தானே எடுத்துக்கொண்டு அவன் திரும்ப ஏறினான். டின்னுக்குள் கையை விட்டபோது குளவி வந்தது. வாயில் ஒரு மண் உருண்டை. அது அவனைக் கொட்டவில்லை. கை எப்போது விலகும் என்று பார்ப்பதுபோல முன்னுக்கும் பின்னுக்கும் பறந்தபடி நின்றது.

வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது நாள், இருபத்தொன்பது தரம் வாவியைக் கடந்து வந்திருக்கிறான்.

கையை வெளியே எடுத்தான். டின்னை அப்படியே கழற்றி, ஒரு முழம் தள்ளிக் கூரை வளையில் வாய் வெளியே பார்க்கக் கட்டினான். பையிலிருந்த மேலதிக டின்னை அதன் இடத்தில் பூட்டி, அதன் மூடியை இறுக்கினான். மீட்டர் எழுபதுக்கு வந்தது.

கொப்பியில் எழுதினான்: 'இருபத்தொன்பதாம் நாள். டின் மாற்றப்பட்டது. காரணம், ஈரம். நாளை முதலாம் நாள்.'

"அப்ப உங்கட முப்பது நாள், நானா?"

"வந்து போய்ப் பழகிட்டுதானே. குளவிட்ட இந்த ஏணியக் கொண்டு போகாதிங்க, பயந்திரும்."

இந்த ஊரில் பாதை என்று சொல்லும் தட்டை வள்ளத்தில் மோட்டார் சைக்கிளை ஏற்றினான். வாவி நடுவில் வரும்போது வீட்டுக்கு அழைப்பு எடுத்தான். மனைவி கைறுன்னிஸா பேசினாள்.

"நாளையோட முடியிதா?"

"இல்ல. நாளைக்குத்தான் முதலாம் நாள்."

  வள்ளத்தின் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அவன் குரலை உயர்த்தினான்.

"கைறு, நம்மட கூரையில ஒரு டின் இரிக்கெல்லா? அதுட மூடிய ஒருக்காக் கழட்டி விடு."

 தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான். சிக்னல் முழுதாக இருந்தது.

"அத நான் போன மாசமே கழட்டிட்டன்."