மடங்கிய முழங்கால்

"காலை நீட்டி நில்லுடா கண்ணா!"

உயரம் அளக்கும் பலகையில் நின்ற நாலு வயது கிலாங், அம்மா வார்சிதியைத் திரும்பிப் பார்த்தான். முழங்கால் மடங்கியே இருந்தது.

இந்த மாதம் புதிதாக அளக்க வந்த ஊழியர் ரத்மி அம்மா, அந்த ஊர் வழக்கில் 'இபு' ரத்மி, விடுவாளா? உள்ளங்கையால் முழங்காலை அழுத்தினாள். பையன் சட்டென்று உயர்ந்துவிட்டான். வயதுக்குச் சரியான உயரம், கொஞ்சம் கூடவே.

"போன மாசமும் இப்படித்தான் மடக்கி நின்னானா?"



அந்த ஜாவா கிராமத்தில், வளராத குழந்தைகளுக்கு வாராவாரம் முட்டை உண்டு. கிலாங்கும் ஒரு மாதமாக வாங்கியிருக்கிறான்.

பச்சைப்பயறு கஞ்சிக்காக நின்ற வரிசைக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது.

"வார்சிதி, இந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடேன்!"

"புருஷன் வாயில சிகரெட் அணையறதே இல்ல. முட்டை மட்டும் ஊர் போடணுமாக்கும்!"

ரத்மிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நெசமாவே வளராத பிள்ளைங்க வாயிலேர்ந்து பிடுங்கியிருக்கியே, வெக்கமா இல்ல?"

"தப்புதான் இபு."

"முட்டையெல்லாம் யார் தின்னது? உன் வீட்டுக்காரனா?"

"இல்ல இபு..."

கிலாங் இறங்கி ஓடி, மாமரத்தடியில் நின்ற சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டும் ஒரே உயரம்.

"ஓ, இரட்டையா? சொல்லவே இல்லியே! வா கண்ணு, நீயாவது ஒழுங்கா நில்லு."

சிறுமி ஏறினாள். குதிகாலைப் பலகையில் ஒட்டி, கழுத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நீட்டி நின்றாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

"இவளும் தம்பி உயரம்தான். நாலு வயசுக்கு ஒரு குறையும் இல்ல. இனிமே உங்க வீட்டுக்கு முட்டை கிடையாது, போ!"

வார்சிதி உடைந்து அழுதாள்.

"இரட்டை இல்ல இபு, லாராஸ் இவனுக்கு அக்கா. ஏழு வயசாச்சு. முட்டை தின்னா பிள்ளைக்கு உடம்பெல்லாம் கட்டி வரும்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பி, இவ கண்ணுல ஒரு முட்டையக் காட்டாமலே வளத்துட்டேன். அது பொய்னு இவன் பொறந்தப்புறம்தான் தெரிஞ்சுது. இங்க முட்டை குடுக்க ஆரம்பிச்சதே இப்பதான், அதுவும் அஞ்சு வயசு தாண்டின பிள்ளைக்கு இல்லன்னுட்டாங்க. நான் வேற என்ன பண்ணுவேன்?"