வராத விருந்தாளிக்கு ரூம்

பாதி ஆபரேஷனில், வயிற்றுக்குள் விட்டிருந்த கேமரா செத்துப்போனது. அவசரமாக மாற்றுக் கேமராவைச் சொருகினார்கள். திரை கறுப்பாகவே இருந்தது.

டாக்டர் பல்லைக் கடித்தார். "என்னம்மா உங்க மெஷின் இப்படிக் கழுத்தறுக்குது?"

மெஷினோடு வந்திருந்த கம்பெனி இன்ஜினியரின் விரல்கள் கீபோர்டில் ஓடின.

"கேமரா நல்லாத்தான் இருக்கு டாக்டர். மெஷினுக்குள்ள பிரிட்ஜ்னு ஒரு இணைப்புச் சில்லு இருக்கு. அதுக்குப் பின்னால சொருகற ஒவ்வொண்ணுக்கும் சிஸ்டம் முகவரி ஒதுக்கணும். செத்த கேமரா தன்னோடதை இன்னும் விடலை. மத்ததெல்லாம் தீர்ந்துபோச்சு, புதுசுக்கு இடமில்லை."

"கொஞ்சம் காலியா விட்டு வைக்கறதுக்கு என்ன?"

"விட்டுத்தான் வச்சிருந்தேன். 'வராத விருந்தாளிக்கு எதுக்கு ரூம்'னு எங்க மேனேஜர் எடுக்க வச்சிட்டார்."

மானிட்டரின் பீப் ஒலி வேகமெடுத்தது. "ரத்தம் கசியுது டாக்டர்" என்றாள் நர்ஸ்.

"ஆபரேஷனைப் பதிவு பண்ற பெட்டியும் அதே பிரிட்ஜுலதான் இருக்கு. எடுத்துடட்டுமா?" என்றாள் இன்ஜினியர்.

"பிடுங்கும்மா."

பிடுங்கினாள். அது பிடித்து வைத்திருந்த முகவரிகள் புதுக் கேமராவுக்குப் போயின. திரையில் செக்கச்செவேல் என்று படம் விரிந்தது. டாக்டர் கசிவை அடைத்துத் தையல் போட்டு முடித்தார்.

கையுறையைக் கழற்றியதும் டாக்டர் மறக்காமல் கேட்டார். "அந்த மேனேஜர் நம்பரைக் குடும்மா. நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்."

"இப்பப் பேச மாட்டார் டாக்டர்."

"ஏன், மீட்டிங்கா?"

மேஜையில் பச்சைத் துணிக்குள் அசையாமல் கிடந்தவரை அவள் பார்த்தாள்.

"இல்லை. மயக்கம் தெளிஞ்சதும் நீங்களே கேளுங்க."