மஞ்சள் சட்டைக்கு ஒரு ஜெபம்

டிவிக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

ஆவூரில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. வாசலில் வெயில் இன்னும் இறங்கவில்லை. வீட்டுக்குள் மட்டும் இங்கிலாந்தின் மத்தியானத் தூறல். பார்க்கப் பார்க்க சூசைமேரிக்குக் கால் விரல் சில்லிட்டது. ஃபேனைக் குறைத்துவிட்டு, புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சவரியப்பன் கீரனூரில் பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். அறுபது வயது வரைக்கும் கால்பந்து பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இந்த ஆகஸ்டிலிருந்துதான் இந்தப் பித்து. ஆட்டம் எந்தக் கிழமை, எந்த நேரம் என்றாலும் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறார்.

போனில் பார்த்துப் பார்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் தனக்குத்தானே பாடம் எழுதி வைத்திருந்தார்.

‘மொத்தம் இருபது அணி. கடைசி மூன்றும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும்.’

‘ஜெயித்தால் மூன்று புள்ளி. சமன் என்றால் ஒன்று.’

‘கேமரா பந்துக்குப் பின்னாலேயே போகும். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டாது.’

‘எதிரணி ஆள் விழுந்தால் நமக்குப் பிரயோஜனம் இல்லை.’

டிவி மேசையைத் துடைக்கும்போது இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு சூசைமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். என்ன மனுஷனோ!

ஊரில் இருக்கிற இளவட்டமெல்லாம் ஜெயிக்கிற அணிகளுக்குப் பின்னால் திரிய, இவர் பிடித்தது பத்தொன்பதாம் இடத்தில் கிடக்கும் ஒரு மஞ்சள் சட்டைக் கூட்டம். ஏன் என்று கேட்டால் “சும்மாதான்” என்பார்.

அவளும் துருவிக் கேட்கவில்லை. அந்த வீட்டில் துருவிக் கேட்கக் கூடாத விஷயம் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

ரெஜினா. ஒரே மகள். ஆஸ்பத்திரி வேலைக்கென்று இங்கிலாந்து போனவள், அங்கேயே ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போட்டோ அனுப்பினாள். இனிமேல் போன் பண்ணாதே என்று அவளிடமும், அவள் பெயரை இந்த வீட்டில் எடுக்காதே என்று இவளிடமும் சொன்னார் சவரியப்பன். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. அதற்குப் பிறகு போனே வரவில்லை. மூன்று வருஷமாயிற்று. வீட்டில் சோறு, குழம்பு, கரண்ட் பில் தவிர வேறு பேச்சில்லாமல் போயிற்று.

அப்படி இருந்த மனுஷனைப் பந்து பேச வைத்தது. டம்ளர்களை வரிசையாக வைத்து ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவளுக்கு அரைமணி நேரம் விளக்கினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் பேசியது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் பெரியநாயகி மாதாவிடம் ஒரு நேர்ச்சை வைத்தாள். ஆட்டத்துக்கு ஒரு ஜெபமாலை. ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அது பேராசை. மஞ்சள் சட்டைப் பிள்ளைகள் ஒருத்தனுக்கும் அடிபடாமல் வீடு போய்ச் சேர வேண்டும். யார் பெற்ற பிள்ளைகளோ!

மாதா கேட்டாள். கடந்த ஐந்து ஆட்டமும் தோல்விதான். ஆனால் விழுந்தவனெல்லாம் பந்து மாதிரி துள்ளி எழுந்து ஓடினான். அவளுக்குள் சின்னதாய் ஒரு பெருமைகூட.

சவரியப்பனின் முகம்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. தோற்கிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு எழுபதாவது நிமிஷம். ஆறாம் நம்பர் மஞ்சள் சட்டை உயர எழும்பி, கோணலாக வந்து விழுந்தான். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் புரண்டான். நடுவர் விசில் ஊதினார்.

சூசைமேரி ஜெபமாலை மணியை இறுகப் பிடித்தாள். எந்திரிச்சிரு சாமி, எந்திரிச்சிரு.

அவள் மணிக்கட்டின் மேல் ஒரு கை விழுந்தது. காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாசனை அடிக்கும் கை.

“இரு சூசை. இப்ப ஜெபிக்காத.”

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பிள்ளை துடித்துக்கொண்டு கிடக்கிறான், இந்த மனுஷனுக்கு ஈரம் கிடையாதா? திட்ட வாயெடுத்துத் திரும்பினாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கண் கொட்டாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தின் ஓரத்திலிருந்து சிவப்புப் பையோடு ஒரு பெண் மழையில் ஓடிவந்தாள். கத்தரித்த முடி, முழங்கால் வரைக்கும் கோட்டு. துப்பட்டா இல்லை. ஆனாலும் துப்பட்டா பறந்துவிடும் என்று பயப்படுகிறவள் மாதிரி இடது கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேயில் அப்படி ஓடித்தான் வருஷா வருஷம் கடைசியாக வருவாள்.

அந்தப் பெண் மண்டிபோட்டு விழுந்தவனின் காலை மடியில் எடுத்து வைத்தாள். கேமரா மெல்ல நெருங்கியது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இளைத்திருந்தாள். யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இருவரும் பெயரைச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டு இந்த அணிக்கு அவள் வேலைக்கு வந்தது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. ஐந்து ஆட்டமாக இந்த முகத்துக்காகத்தான் அவர் காத்துக் கிடந்திருக்கிறார். ஐந்து ஆட்டமாக இதை வரவிடாமல் மணி உருட்டிக்கொண்டிருந்தது அவள்தான். நிறுத்து என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கு வாய் வராமல் இத்தனை நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

சூசைமேரி ஜெபமாலையைச் சத்தமில்லாமல் மடியில் வைத்தாள்.

கீழே கிடந்தவன் வலி குறைந்ததுபோல் தலையைத் தூக்கினான். ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தான்.

“அவசரமில்ல தம்பி,” என்றாள் சூசைமேரி டிவியைப் பார்த்து. “மெதுவா எந்திரிப்பா.”