பச்சைப் பொட்டு

மாமனார் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மருமகனும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் இருபது வருஷமாக அவர் அதை முழுசாக நம்பியதில்லை.

மாமனார் பழைய கேமரா லென்ஸ்களுக்குச் சின்னச் சின்னப் பழுது பார்ப்பவர். அதே கடையில் எதிர் மேஜை மருமகனுடையது. லென்ஸின் கண்ணாடியைப் பிடித்திருக்கும் திருகாணிகள் மேல் கம்பெனியிலேயே சிவப்பு பெயின்ட் வைத்திருப்பார்கள். திருகாணியைத் திருப்பினால் அந்தப் பெயின்ட் உடைந்துவிடும். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் மாமனார் பச்சை நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பார்.

"பச்சைப் பொட்டு இல்லையா? அப்ப அது நான் திறந்த லென்ஸே இல்ல" என்று ஊருக்கெல்லாம் சொல்வார்.

இனி கதை.

ஒரு ஸ்டுடியோக்காரர் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பல வருஷமாகப் படம் எடுத்துவந்த மீடியம் ஃபார்மட் லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. மாமனார் ஒரு வாரம் வைத்திருந்து, "கண்ணாடி பளிச்சுனு ஆயிடுச்சு" என்று கொடுத்தார்.

ஸ்டுடியோக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் பலகையே மாட்டிவிட்டார்: 'லென்ஸ் சுத்தம் செய்யப்பட்டது. இனி எல்லாம் தெளிவாகத் தெரியும்.'

பதினைந்தாம் நாள் வாடிய முகத்தோடு வந்து நின்றார்.

"அண்ணே, பூஞ்சையைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"எதை?"

"நீங்க எடுத்த பூஞ்சையைத்தான். வர்றவங்க எல்லாம் படத்தைக் கையில வாங்கிச் சுருக்கத்தை எண்ணுறாங்க. ஒரு டீச்சரம்மா வருஷா வருஷம் பிறந்தநாளுக்கு என்கிட்டதான் எடுப்பாங்க. இந்தத் தடவை பார்த்துட்டு, 'இது எங்கம்மா படம், என் படத்தைக் குடுங்க'ன்னாங்க. என் சம்சாரமே கேமரா முன்னாடி வர மாட்டேங்கிறா."

"லென்ஸ் பொய் சொல்லக்கூடாதுய்யா. இருக்கிறதை இருக்கிற மாதிரி காட்டணும். மனுஷனும் அப்படித்தான் இருக்கணும்."

இந்த இடத்தில் மாமனார் கதையை நிறுத்தி மருமகனை ஒரு பார்வை பார்ப்பார். மருமகன் தலையாட்டுவார்.

"நியாயம்தான் அண்ணே. ஆனா பத்து நாள்ல டீச்சரம்மாகிட்டப் படிச்ச நாப்பது பேர் சேர்ந்து படம் எடுக்க வர்றாங்க. எல்லாருக்கும் அம்பதைத் தாண்டிடுச்சு. அவங்களும் முகத்தைச் சுளிச்சிட்டா ஸ்டுடியோவை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்."

மாமனார் மனம் இரங்கிவிட்டார்.

"சரி, எந்த ஓரத்துல எத்தனை இழை இருந்துச்சு? ஞாபகம் இருக்கா?"

ஸ்டுடியோக்காரர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு வரைந்தே காட்டினார். "இங்க ரெண்டு. இங்க கொத்தா நாலஞ்சு. இது மட்டும் கொஞ்சம் சுருண்டிருக்கும்."

"பீரோவுல வச்சு ஏழு நாள் வளர்க்கணும். நடுவுல வந்து எட்டிப் பார்க்காதே. வெக்கப்பட்டு வளராது."

எட்டாம் நாள் வந்தவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அதே இழை அண்ணே. அந்தச் சுருண்டதுகூட அச்சு அசலா அப்படியே இருக்கு."

பலகையைக் கழற்றினார். நாற்பது பேரும் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். டீச்சரம்மா ஆறு காப்பி கேட்டார்.

"இப்படியும் உலகத்துல முட்டாள் இருக்கான்" என்று மாமனார் முடிக்க, கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

மருமகனுக்குத்தான் உறுத்தும். பூஞ்சை என்ன வெந்தயக் கீரையா, ஏழே நாளில் முளைக்க? அதுவும் வரைந்து கொடுத்த மாதிரியே? கேட்டுவிடலாம். ஆனால் பெண்ணைக் கொடுத்தவர், தொழிலில் மூத்தவர். ஒருவேளை தனக்குத்தான் ஏதோ புரியவில்லையோ என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

நேற்று மாமனார் கண் டாக்டரிடம் போயிருந்த நேரம், ஸ்டுடியோக்காரர் அதே லென்ஸோடு வந்தார்.

"ஃபோகஸ் வளையம் திருப்ப வரல மாப்பிள்ளை. பழைய கிரீஸை மட்டும் மாத்திடுங்க. கண்ணாடிப் பக்கம் போயிடாதீங்க. உங்க மாமா கையால வளர்த்த பூஞ்சை."

"நடுவுல வேற யாராவது திறந்தாங்களா?"

"திறக்க விடுவேனா? அவரைத் தவிர ஒரு கை பட்டதில்ல."

அவர் போனதும் மருமகன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு லென்ஸைத் திருப்பினார்.

மூன்று திருகாணிகள். மூன்றிலும் கம்பெனி வைத்த சிவப்பு, ஒரு கீறல்கூட இல்லாமல். பச்சை எங்கேயும் இல்லை.

சாயங்காலம் மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார்.

"யாராவது வந்தாங்களா, மாப்பிள்ளை?"

"ஸ்டுடியோக்காரர் வந்தார்."

"யாரு, அந்த முட்டாளா?" மாமனாருக்கு இப்போதே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னமும் நம்புறானா?"

மருமகன் சிரிக்கவில்லை. லென்ஸை எடுத்து, திருகாணிகள் மேலே தெரியும்படி அவர் முன்னால் வைத்தார்.

"மாமா, முதல் தடவை ஒரு வாரம், ரெண்டாம் தடவை ஒரு வாரம், இது உங்க பீரோவுல என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"