நெஞ்சில் ஒட்டிய வில்லை

ரத்த அழுத்த ஆராய்ச்சியில் சேர்ந்த நாளிலிருந்து அருமைநாயகத்தின் நெஞ்சில் அழுத்தத்தை அளக்கும் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அழுத்தம் ஏறினால் அது காரணத்தைக் கண்டுபிடிக்கும். வில்லையோடு இணைத்திருந்த தானியங்கி வீடு அந்தக் காரணத்தை வெளியே தள்ளிவிடும். போன வாரம் ஊறுகாய் ஜாடி ஜன்னல் வழியாகப் போனது.

இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. வில்லையை உரித்து மனைவி ஜெயக்கொடியிடம் நீட்டினார்.

"உனக்குத்தான் கோவமே வராதுல்லா. நான் சாப்பிட்டு முடிக்க வரைக்கும் ஒட்டிக்கோ."

"சரிங்க" என்று சிரித்தபடி ஒட்டிக்கொண்டாள்.

ஒரு வாய் சாப்பிட்டார். "உப்பு பத்தல. எங்க அக்கா வச்சா..."

"நூற்றுத் தொண்ணூறு!" என்று வில்லை அலறியது. ஜெயக்கொடி அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வாசற்கதவு திறந்தது. நாற்காலி தானாக உருண்டு, கையும் சோறுமாக அவரைத் தெருவில் விட்டது.

"நூற்றிருபது" என்றது வில்லை.

ஜெயக்கொடி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "இது எங்கிட்டயே கெடக்கட்டுங்க."